கிட்டார் பிக்கப் மாற்றப் போகிறீர்களா? என் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

வெள்ளவத்தையில், வீட்டின் முன் அறையில் ஒரு மேசை, ஒரு சோல்டரிங் அயன், ஒரு மஞ்சள் நிற மல்டிமீற்றர். வேலை முடிந்து வந்த பிறகு பின்னேரங்களில் தெரிந்தவர்களின் கிட்டார்களைத் திறந்து பார்ப்பேன். தேவாலயத்தில் வாசிப்பவர்கள், கலியாண பாண்டுக்காரர்கள், ஏ.எல். முடித்துவிட்டு மெட்டல் வாசிக்கத் தொடங்கிய பெடியன்கள் என்று பலர் வருவார்கள். யார் வந்தாலும் பிக்கப் பற்றிய கேள்விகள் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப டைப் பண்ணி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பிக்கப் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி. அவ்வளவுதான். காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் குலைகிறது. அந்தக் குலைவு கொயிலில், அதாவது அந்தக் கம்பிச் சுற்றில், சின்ன மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த டைனமோவும் இதுவும் ஒரே சாதி.

கம்பியின் தடிப்பு பெரும்பாலும் 0.063 மில்லிமீற்றர். ஃபெண்டர் கொம்பனியின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டார் பிக்கப் ஒன்றில் அதை எட்டாயிரம் சுற்றுக்குக் கிட்டச் சுற்றியிருப்பார்கள். சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் உச்சத்தின், அதாவது கீச்சான மேல் ஒலியின், கூர்மை குறையும். காந்தம், சுற்றின் எண்ணிக்கை, கொயிலின் வடிவம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றித்தான் கடையில் இத்தனை வகைப் பெட்டிகள்.

சத்தம் பிடிக்கவில்லை. பிக்கப்பை மாற்றத்தான் வேண்டுமா?

என்னிடம் பிக்கப் மாற்ற வருபவர்களில் கனபேர் பழைய பிக்கப்போடேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். காரணம் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, தடிச்ச தந்தி நாலும் சத்தமே இல்லை, மெல்லிசு ரெண்டும் கத்துது. பிக்கப் செத்துப்போச்சு" என்றார். கிட்டாரைக் கையில் எடுத்ததும் தந்தி செம்பட்டையாக மின்னியது. வீட்டில் கிடந்த அக்கூஸ்டிக் கிட்டார் தந்தியைப் போட்டிருந்தார். அதன் மேல்சுற்று வெண்கலம். காந்தத்துக்கு வெண்கலம் ஒரு பொருட்டே இல்லை, உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பியை மட்டும்தான் அது காணும். மெல்லிய இரண்டு தந்தியும் முழு இரும்பு, அதனால் அவை மட்டும் கத்தின. நிக்கல் சுற்றிய தந்தி ஒரு செற் போட்டதும் பிக்கப் உயிர்த்தெழுந்துவிட்டது.

தந்தி சரியானதாக இருந்தாலும் பழையதாக இருக்கலாம். கடற்கரைப் பக்கம் இருக்கிறோம், வியர்க்கிற ஊர். தினமும் வாசித்தால் சில கிழமைகளிலேயே தந்தி மந்தமாகிவிடும். அந்த மந்தத்துக்குப் பிக்கப்பைக் குற்றம் சொல்வது பாவம்.

அடுத்தது உயரம். பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரால் திருப்பினால் அது ஏறும், இறங்கும். கடைசி ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். அளக்க ஸ்கேல் தேவையில்லை. வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். மூன்று அட்டை அடுக்கினால் 2.3, இரண்டு அடுக்கினால் 1.5. ஹம்பக்கர் என்ற இரட்டைக் கொயில் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் மூன்று அட்டை, மெல்லிய பக்கம் இரண்டு அட்டை என்று தொடங்குங்கள். ஸ்ட்ராட் வகைக்குத் தடித்த பக்கம் மூன்று அட்டையைவிட ஒரு நூல் கூடுதலாக விடுங்கள். அதன் காந்தம் நேரடியாகத் தந்தியை இழுக்கும். மிக அருகில் வைத்தால் பிக்கப்புக்குக் கிட்ட உள்ள மேல் ஃப்ரெட்களில் ஒரே சுரம் இரண்டு சுரமாக அலையும், ட்யூனிங்கே பிடிபடாது. அந்த அலைச்சலோடு வந்து, அரைச் சுற்று ஸ்க்ரூ திருப்பியதில் குணமாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காசு வாங்கவும் கூச்சமாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிடிக்கவில்லையென்றால், பிடிக்காதது என்ன என்று வாயால் சொல்லிப் பாருங்கள். "கீச்சென்று காதைக் குத்துகிறது", "சேறு மாதிரிக் குழம்புகிறது", "டிஸ்டோர்ஷன் போட்டால் பிரிந்து கேட்கவில்லை", "இரைகிறது". ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "நல்லா இல்லை" என்று மட்டும் சொன்னால் எந்த பிக்கப்பை வாங்கச் சொல்வது?

சிங்கிள் கொயில், ஹம்பக்கர், பி-90. எதை எடுப்பது?

சிங்கிள் கொயில் என்பது பெயர் சொல்வதுபோல ஒரே கொயில். ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் 1954 முதல் இருப்பது. தெளிவு, மணியடித்தாற்போல் ஓசை, கூடவே ஒரு நிரந்தர இரைச்சல். பைலாவுக்கு வெட்டி வெட்டி ரிதம் அடிப்பவர்களுக்கு இதைவிட வேறு தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஹம்பக்கரில் இரண்டு கொயில். ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் ஓசை மட்டும் சேர்ந்து பெருகும். கிப்சன் கிட்டார் கொம்பனியில் வேலை செய்த சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், கிடைத்தது 1959இல். இடையில் செய்த பிக்கப்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (Patent Applied For) என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் இன்று எல்லாப் பெட்டியிலும் பெருமையாகப் போடுகிற 'பி.ஏ.எஃப்'. ஒரு அலுவலகத் தாமதம் வணிகப் பெயராகிவிட்டது!

பி-90 கிப்சனுடையது, 1946. இதுவும் ஒற்றைக் கொயில்தான், ஆனால் அகலமானது. ஸ்ட்ராட்டைவிடத் தடிப்பு, ஹம்பக்கரைவிடக் கரடு. இரைச்சலும் உண்டு. ஹம்பக்கர் குழிக்குள் பொருந்துகிற அளவில் செய்த பி-90களும் விற்கிறார்கள். ஹம்பக்கர் கிட்டார் வைத்திருந்து மாற்றம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெட்டுக் கொத்து இல்லாமல் ஆளே மாறிப்போகும்.

என் ஸ்ட்ராட் 'ம்ம்ம்' என்று இரைகிறது. ஹம்பக்கர் போட்டால் நிற்குமா?

எந்த இரைச்சல் என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

இலங்கை மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சிங்கிள் கொயில் அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் அன்ரெனா போல வாங்கும். கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழலுங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி, இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது கொயில் வாங்கும் ஹம். இதற்கு ஹம்பக்கர் மருந்து. ஸ்ட்ராட் குழிக்குள்ளேயே போகக்கூடிய, ஒன்றன் மேல் ஒன்றாகவோ பக்கம் பக்கமாகவோ இரட்டைக் கொயில் வைத்த இரைச்சலற்ற பிக்கப்களும் மருந்துதான். ஓசை கொஞ்சம் மாறும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். மூன்று பிக்கப் உள்ள ஸ்ட்ராட்டில் நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றாக இருந்தால், சுவிட்ச்சின் இரண்டாம், நாலாம் இடத்தில் இரைச்சல் தானாகவே அடங்கும். உங்களுடையதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மற்றது 'ஜிர்ர்ர்' என்ற கூரிய இரைச்சல். எல்.ஈ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், ஃபோன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து செய்வது. தந்தியைத் தொட்டதும் குறைந்தால் எர்த் வயர் சரி, உள்ளறைக்குக் கவசம்தான் இல்லை. குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி எர்த்தில் இணைத்தால் நன்றாகக் குறையும். தந்தியைத் தொட்டும் மாற்றமே இல்லை, ஆனால் கேபிள் செருகும் ஜாக்கைத் தொட்டால் குறைகிறது என்றால் தந்திகளின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. இதற்குப் பிக்கப் வாங்கினால் காசுக்குத்தான் நட்டம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பொயின்ட் இன்னும் இருக்கிறது. அம்ப்ளிஃபயரின் (அம்ப்) மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் செருகி, வாயை மைக்கில் வைத்ததும் உதட்டில் கரண்ட் அடித்த கதையைப் பாடகர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் எர்த் அடிக்காத ஜெனரேட்டரில் நிகழ்ச்சி வாசித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

8 கே, 16 கே என்று போட்டிருக்கிறதே. எண் கூடினால் சக்தி கூடும்தானே?

அது கொயில் கம்பியின் மின்தடை, கிலோ ஓமில். ஸ்ட்ராட் வகை 6 அளவில், பழைய பாணி ஹம்பக்கர் 7.5 முதல் 8.5 வரை, சேமர் டங்கன் கொம்பனியின் ஜே.பி. என்ற ஹம்பக்கர் 16 அளவில் இருக்கும். ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால் எண் கூடும்போது சக்தியும் கூடும் என்று சொல்லலாம். கம்பியை இன்னும் மெல்லியதாக்கினால் சுற்று கூடாமலே தடை ஏறிவிடும். அதனால் வேறு வேறு வகைகளை இந்த எண்ணால் ஒப்பிடுவது, சேலையின் எடையைப் பார்த்து அழகைச் சொல்வது மாதிரி.

இதில் கொழும்புக்காரருக்கு மட்டும் ஒரு வேடிக்கை. செப்பின் தடை ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.4 வீதம் ஏறும். 20 பாகையில் 8.0 என்று அளந்து பெட்டியில் அச்சடித்த பிக்கப்பை, 31 பாகை காயும் என் முன் அறையில் அளந்தால் 8.3க்கு மேல் காட்டும். "அண்ணா, பெட்டியில ஒண்டு, மீற்றரில ஒண்டு, இது டூப்ளிகேட்டா?" என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். இல்லை, வெயில்தான்.

மீற்றர் உண்மையில் பயன்படுவது பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. 20 கே அளவில் வைத்து இரண்டு வயரிலும் பிடியுங்கள். எண் வந்தால் உயிர் இருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' மட்டும் நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான் முதன்முதலில் திறந்த பிக்கப்பில் இந்த '1'ஐப் பார்த்தேன். உலோக மூடியைக் கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூட்ரைவரை நுழைத்து நெம்பியதில், கண்ணுக்கே தெரியாத அந்தக் கம்பி போய்விட்டது. அடுத்த நாள் முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

அல்நிக்கோ நல்லதா, செரமிக் நல்லதா?

அல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்புக் காந்தம். இரண்டாம் எண் மென்மை, ஐந்தாம் எண் துடிப்பு. செரமிக் மலிவு, பலம் கூடியது, விளிம்பு கூர். மலிவுக் கிட்டார்களில் எல்லாம் செரமிக் இருப்பதால் அதற்குக் கெட்ட பெயர். நல்ல மெட்டல் பிக்கப் பலவற்றிலும் அதே செரமிக்தான். காந்தத்தின் பெயரைப் பார்த்து வாங்காமல், அந்த பிக்கப்பை யாராவது வாசிப்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் கிட்டாரில் பொருந்துமா என்று எப்படி அளப்பது?

பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆறுதலாகப் பாருங்கள்.

பிரிட்ஜில் தடித்த ஈ தந்தியின் நடுவிலிருந்து மெல்லிய ஈ தந்தியின் நடுவரை பிளாஸ்டிக் அடிமட்டத்தால் அளவுங்கள். பிறகு பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேர் மேலேயும் அதே மாதிரி அளவுங்கள். கிப்சன் வழிக் கிட்டார்களில் 49 முதல் 50 மில்லிமீற்றர் வரும். ஃபெண்டர் வழிக் கிட்டார்களிலும், ஃப்ளோய்ட் ரோஸ் பூட்டு பிரிட்ஜ் உள்ளவற்றிலும் 52, 53 என்று வரும். ஹம்பக்கர்களை இரண்டு அகலத்தில் செய்கிறார்கள். டிமார்ஜியோ கொம்பனியில் அகலமானதை எஃப்-ஸ்பேஸ் என்றும், சேமர் டங்கனில் ட்ரெம்பக்கர் என்றும் சொல்வார்கள். தவறி வாங்கினாலும் வாசிக்கும், ஆனால் ஓரத் தந்திகள் காந்தத் தலைக்கு வெளியே தள்ளி நிற்பது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பிறகு ஆழம். பிக்கப் வயர் கனமான உலோகப் பின்னல் உடையதென்றால் வளைக்க இடம் தேவை. மலிவு ஸ்ட்ராட்களில் குழி ஆழம் குறைவாக இருக்கும். பிக்கப்பை இறக்கவே முடியாமல், கடைசியில் மரத்தைக் கொத்த வேண்டி வந்த கிட்டார் ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது. தச்சுப் பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கதவுக்குப் பூட்டுக் குழி வெட்டுவதுபோல வெட்டித் தந்தார். மூடி போட்டால் தெரியாது, சரி.

டெலிகாஸ்டரின் நெக் பிக்கப் ஸ்ட்ராட்டுடையதைவிடச் சிறியது, பிரிட்ஜ் பிக்கப் உலோகத் தட்டில் தொங்குவது. டெலிக்கு டெலியுடையதையே வாங்குங்கள்.

பொட், கப்பாசிற்றர் எல்லாம் மாற்ற வேண்டுமா?

பொட் என்பது வோல்யூம், டோன் குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடை. சிங்கிள் கொயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். பொட் எண் சிறியதாக இருந்தால் உச்சம் கொஞ்சம் எர்த்துக்குப் போய் ஓசை இருளும். ஸ்ட்ராட்டில் 250 கே பொட்டை விட்டுவிட்டுப் பிரிட்ஜில் ஹம்பக்கர் போட்டவர், "காசு குடுத்தும் மூடின மாதிரி இருக்கு" என்று சொல்வது இதனால்தான். 500 போட்டால் திறக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கிடைக்கும். வாங்கும்போது தண்டின் தடிப்பையும் குமிழின் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வோல்யூமுக்கு ஓடியோ டேப்பர் (காதுக்கேற்றபடி சத்தம் ஏறி இறங்கும் வகை) கேளுங்கள். லீனியர் தந்துவிட்டார்கள் என்றால் குமிழை 10இலிருந்து 3 வரை திருப்பும்வரை பெரிதாக எதுவும் நடக்காது, பிறகு திடீரென்று விழும்.

டோன் கப்பாசிற்றர் 0.022 அல்லது 0.047 மைக்ரோபரட். டோன் குமிழைக் குறைக்கும்போதுதான் வித்தியாசம் கேட்கும். எண்ணெய்க் காகிதக் கப்பாசிற்றருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கட்டும்.

கேபிளும் கணக்கில் உண்டு. ஒரு மீற்றருக்கு சுமார் 100 பிகோபரட் என்று வைத்தால், ஆறு மீற்றர் கேபிள் பிக்கப்பின் உச்சத்தை நன்றாகவே கீழே இழுக்கும். கீச்சென்று குத்துகிறது என்பவருக்கு நீளக் கேபிளே பாதி மருந்து.

அக்டிவ் பிக்கப் எப்படி?

இ.எம்.ஜி. வகை. கொயில் சின்னது, உள்ளேயே ஒரு முன்பெருக்கி, அதற்கு 9 வோல்ற் பற்றரி. இரைச்சல் மிகக் குறைவு, மெட்டலுக்குக் கத்தி மாதிரி. இதற்கு 25 கே பொட் வேண்டும், பெட்டியோடு வரும். பற்றரி வைக்க உள்ளே இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். கேபிளைச் செருகியே விட்டுவிட்டுத் தூங்கினால் பற்றரி வடிந்துகொண்டே இருக்கும். ஒரு அக்டிவ், ஒரு சாதாரணம் என்று ஒரே கிட்டாரில் கலப்பது தலையிடி. எனக்குத் தனிப்பட்ட முறையில் இவற்றில் பெரிய பிரியம் இல்லை, ஆனால் வாசிப்பவர் நான் இல்லையே.

பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பலருக்குப் போதும். பிரிட்ஜுக்கு அருகே தந்தி குறைவாக ஆடும், ஓசை மெலியும், மலிவுப் பிக்கப்பின் குறை அங்கேதான் முதலில் தெரியும். 1972இல் டிமார்ஜியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டோர்ஷனும் முக்கியமாக இந்த இடத்தில்தான் போனது. தனியாக மாற்றிப் போடுவதற்கென்று சந்தைக்கு வந்த முதல் பிக்கப் அது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. புதியதும் பழையதும் ஒன்றாக வேலை செய்யும் நடு நிலையில் ஓசை ஒல்லியாகி, மூக்கால் பாடுவதுபோல ஆனால் இரண்டும் எதிர்க் கட்டத்தில் நிற்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. சோல்டர் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். முள் உள்ள பழைய மீற்றரைப் பிக்கப் வயரில் பிடித்து, இரும்பு ஸ்க்ரூட்ரைவரால் காந்தத் தலையைத் தட்டென்று தொடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். மற்றப் பிக்கப்பிலும் அதே பக்கம் துள்ள வேண்டும். மாறினால் ஒன்றின் வயர்களை மாற்றிக் கொடுங்கள். ஹம்பக்கரில் தனி எர்த் வயர் இருந்தால் அது எர்த்திலேயே இருக்கட்டும்.

நாலு நிற வயர் வருகிறது. எது எங்கே?

கொம்பனிக்குக் கொம்பனி நிறம் மாறும், இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சேமர் டங்கனில் கறுப்பு வோல்யூமுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கட்டி டேப் சுற்றுவது, பச்சையும் வெறும் கம்பியும் எர்த்துக்கு. டிமார்ஜியோவில் சிவப்பு வோல்யூமுக்கு, கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக, பச்சையும் வெறும் கம்பியும் எர்த்துக்கு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைக் கட்டினால் ஓசை மெலியும், அல்லது வரவே வராது. மற்றக் கொம்பனிகளுக்குப் பெட்டியில் உள்ள தாளை எறியாதீர்கள்.

அந்த ஒன்றாகக் கட்டும் சோடியை ஒரு சுவிட்ச் வழியாக எர்த்துக்கு அனுப்பினால் ஹம்பக்கரில் பாதி மட்டும் வேலை செய்யும். சிங்கிள் கொயில் சாயல் வரும், இரைச்சலும் திரும்பி வரும், சத்தம் இறங்கும். ஸ்ட்ராட் ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நானே சோல்டர் பண்ணலாமா?

பண்ணலாம். 40 வோற் அயன், நடுவில் ரோசின் உள்ள 60/40 ஈயம், வயர் வெட்டி, கொஞ்சம் பொறுமை. குழாய்க்கும் ரேடியேற்றருக்கும் பயன்படுத்தும் அமிலப் பசை வேண்டாம், அது பிறகு கம்பியைத் தின்னும்.

முதலில் ஃபோனில் படம் எடுங்கள், எல்லாக் கோணத்திலும். பழைய வயரைக் கழற்றுங்கள், வெட்டாதீர்கள். கிட்டாரின் மேற்பரப்பைத் துணியால் மூடுங்கள், ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் வார்னிஷில் குழி. பொட்டின் முதுகில் எர்த் வைப்பதுதான் கடினம். அது பெரிய உலோகம், சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 25 வோற் அயனோடு அரை நிமிடம் நின்று தேய்த்தால் உள்ளே பொட் வெந்துவிடும். நல்ல சூட்டோடு போய், முதுகை முதலில் மணல்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு மூன்று நாலு செக்கனில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். நல்ல ஒட்டு பளபளவென்று இருக்கும். சாம்பல் நிறமாகப் பொருபொருத்தால் திரும்பச் சுட வேண்டும்.

தந்தி போடுவதற்கு முன்பே அம்பில் செருகி, ஸ்க்ரூட்ரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்க வேண்டும். தந்தி எல்லாம் போட்டு ட்யூன் பண்ணிய பிறகு சத்தம் வரவில்லை என்றால் வருகிற கோபம் எனக்குத் தெரியும்.

எங்கே வாங்குவது? டூப்ளிகேட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே வைத்திருக்கும் வகை குறைவு. கனடா, லண்டனிலிருந்து யாராவது விடுமுறைக்கு வருகிறார்களா என்று கேட்பதுதான் நம்மவர்களின் முதல் இறக்குமதி வழி. பிக்கப் கைக்குள் அடங்கும், சூட்கேஸில் பாரமாக இருக்காது. இணையத்தில் வரவழைப்பதென்றால் அமெரிக்காவில் 100 டொலர் அளவிலான ஹம்பக்கர் இங்கே கைக்கு வரும்போது தபால் செலவு, சுங்க வரி, அதற்கு மேல் வற் (பெறுமதி சேர் வரி) என்று ஏறும். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். விலையைப் பார்க்கும்போதே இதையும் கூட்டிப் பாருங்கள்.

டூப்ளிகேட்டில் நானும் மாட்டியிருக்கிறேன். பிரபலப் பெயர், நம்ப முடியாத விலை, வந்தது அழகான பெட்டி. மீற்றரில் எண்ணும் சரியாகவே இருந்தது, அதைத்தான் போலிக்காரன் முதலில் சரிபார்ப்பான் போல. அம்ப் சத்தத்தைக் கூட்டியதும் பிக்கப் விசிலடித்தது. மெழுகில் முக்காததால் கம்பிகள் உள்ளே தளர்வாக ஆடின. விற்றவர் பதிலே அனுப்பவில்லை. அடித்தட்டைப் பாருங்கள், அச்சு மங்கலாக இருக்கும். வயர் நிறம் அந்தக் கொம்பனியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பெயர் வேண்டாம், ஓசை போதும் என்றால், தன் சொந்தப் பெயரிலேயே விற்கும் மலிவான கொரிய, சீனப் பிக்கப்கள் எவ்வளவோ மேல்.

விசிலடிக்கும் பிக்கப்பை, அது நிஜமானதாக இருந்தால், பரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, 65 பாகைக்கு மேல் போகாமல் இரட்டைப் பாத்திரத்தில் உருக்கி முக்கலாம். அடுப்பில் நேரடியாக வைத்தால் தீப்பிடிக்கும், கம்பி சுற்றிய பிளாஸ்டிக் பொபினும் வளையும். வீட்டில் அம்மா இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள், ஆனால் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

கடல் காற்றில் துருப்பிடிக்கிறதே?

பிடிக்கும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் குடியிருப்பவர்களின் கிட்டார்களில் காந்தத் தலைகள் ஒரே வருடத்தில் செம்மண் நிறமானதைப் பார்த்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை. தலையில் துருப் பிடித்தாலும் பிக்கப் வாசிக்கும், உள்ளே ஈரம் இறங்கிக் கம்பி பச்சை பிடித்தால்தான் முடிந்தது. துருவை எஃகுப் பஞ்சால் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூள் எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அழிறப்பர் போதும்.

கழற்றிய பழைய பிக்கப்பை என்ன செய்வது?

வயரை நீளமாக விட்டு, எந்தக் கிட்டார், எந்த இடம், மீற்றரில் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, சேர்த்துச் சுற்றி டப்பாவில் போடுங்கள். கிட்டாரை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். என் மேசைக்குக் கீழே பிஸ்கட் டின் ஒன்று நிறையக் கிடக்கிறது. அதில் இரண்டின் சொந்தக்காரர்கள் மூன்று மாதம் கழித்து வந்து, "அண்ணா, பழசையே திருப்பிப் போட்டுத் தாங்கோ" என்று வாங்கிப் போயிருக்கிறார்கள்.